பாப்பா சாப்பிட்டாச்சு

சலவைக் கூடத்தில் யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். கோபம் ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள் வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் பிழிகிற இயந்திரம் ஊளையிடும். நடுவில் நீராவி பிரஸ் நினைத்து நினைத்துப் பெருமூச்சு விடும். இத்தனைக்கும் மேலே ஏறி ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால், யாரோ கிணற்றில் விழுந்துவிட்ட குரலில்தான் "பட்டன் டப்பா எங்கே?" என்று கேட்க வேண்டியிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், இங்கே எல்லோருக்கும் எல்லோரோடும் சண்டை போலிருக்கிறது என்று முதலில் மிரண்டுதான் போவார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் கத்தத் தொடங்கிவிடுவார்கள்.

காலர் அக்கா அங்கே சேர்ந்தபோது சின்னப் பெண். இப்போது காதோரம் நரை. சட்டைக் காலரை அவள் தேய்த்தால் அது கழுத்தில் உட்காருகிற விதமே வேறு என்று முதலாளி சொல்லிச் சொல்லி, பெயரே அதுவாகிப் போனது. சூடான காலரின் முனையை விரலால் இழுத்துப் பிடித்துத்தான் இஸ்திரிப் பெட்டியை ஓட்ட வேண்டும். வருஷக்கணக்கில் அப்படி இழுத்ததில் விரல் நுனிகள் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. அவள் தொட்டால் செல்போனுக்கு உறைக்காது; யாரோ எவரோ என்று சும்மா கிடக்கும். சுண்டுவிரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினால்தான் அசையும்.

கூடத்துக் குரல் கூடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கூடவே வந்தது. "நாலு தெருவுக்குக் கேக்குதுடி, மெதுவாப் பேசு" என்று அம்மா கடைசிவரை சொல்லிப் பார்த்தாள். அண்ணனுக்கு மட்டும் அந்தக் குரல் பிடிக்கும். தெருமுனையில் அவள் யாரிடமாவது பேசினாலே இங்கே எழுந்து நின்றுகொள்வான்.

அண்ணனுக்கு வளர்ந்ததெல்லாம் உடம்புதான். மனசு நாலு வயதில் உட்கார்ந்தது, எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டது. தங்கைக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், வந்தவர்கள் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வேலைக்கு ஓட வேண்டியவள் என்பதால் அம்மா முதல் தட்டைத் தங்கைக்கு வைப்பாள். அவள் வாயில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணன் கேட்பான்: "பாப்பா, சாப்டியா?"

"சாப்ட்டேன்!" என்று அவள் கத்துவாள். அதைக் கேட்டபிறகுதான் அவன் தன் தட்டில் கை வைப்பான். ஒரு நாள் அவசரத்தில் அவள் பதில் சொல்லாமல் போய்விட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருக்கிறான். அம்மா அதட்டியும் பார்த்திருக்கிறாள், கெஞ்சியும் பார்த்திருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா போன பிறகு அவனைப் பகல் முழுக்கத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை. கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு வாசலில் வந்து அவன் உட்கார்ந்திருந்த ஒரு நாளோடு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு முடிந்துபோனது. ஊருக்கு வெளியே அரசாங்கத்தின் இல்லம் ஒன்றில் சேர்த்தாள். மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மணி அடிக்கிற சமயத்தில் போன் செய்வாள்.

அங்கே இருந்த ஆயாம்மா கெட்டிக்காரி. வந்த புதிதில் இவன் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தபோது, காலர் அக்காவிடம் விவரம் கேட்டுக்கொண்டாள். அன்று முதல் ஒவ்வொரு வேளைக்கும் தட்டை வைத்துவிட்டு, "பாப்பா சாப்பிட்டாச்சாம், இப்பத்தான் போன் வந்துச்சு" என்று சொல்வாள். அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிஜமான போன். அவன் கேட்பான், "பாப்பா, சாப்டியா?" இவள் கத்துவாள், "சாப்ட்டேன்!" உடனே வைத்துவிடுவான். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, அப்புறம் என்ன பேச்சு? இவள் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்குள் ஆள் சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பான்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சுவரே அதிரும். பக்கத்து அறையில் குடியிருக்கிற டிரைவர், ராத்திரி வண்டி ஓட்டுகிறவர், சாயங்கால வேளைகளில்தான் கொஞ்சம் கண்ணை மூடுவார். அவர் செருப்பால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். அதோடு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

ஒரு ஞாயிறு அவள் போன் செய்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு நேரில் போனாள். கேட்டில் பூட்டு. உள்ளே கொடியில் யாருடையதோ ஒரு துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"மழையில சுவரு விரிசல் விட்டுடுச்சும்மா. எல்லாரையும் வேற இடத்துக்கு மாத்திட்டாங்க."

"எந்த இடத்துக்கு?"

"எனக்குக் காது நல்லாவே கேக்கும்மா" என்று ஓரடி பின்னால் போனார் அவர். "எந்த இடம்னு தெரியாது. ஒரு வண்டி இந்தப் பக்கம் போச்சு, ஒரு வண்டி அந்தப் பக்கம் போச்சு. சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணாங்களே, உங்களுக்கு வரலையா?"

வந்திருந்தது. வேலை நேரத்தில் போனை அலமாரியில் வைத்துவிடுவது கூடத்து வழக்கம். தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு தவறியிருந்ததை அவள் அன்றைக்கே பார்த்தாள், திருப்பிக் கூப்பிட்டும் பார்த்தாள். அந்த எண்ணுக்கு வெளியிலிருந்து கூப்பிட முடியாது என்று ஒரு குரல் சொன்னது. யாரோ தவறாகப் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

"ஆயாம்மா கூடப் போயிருக்காங்களா?"

"அவங்க ஒப்பந்த ஆளு. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு விஷயமே உறைத்தது. இடம் மாறினால் மாறட்டும். கூரை இருக்கும், கட்டில் இருக்கும், தட்டும் வைப்பார்கள். ஆனால் தட்டை வைத்துவிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

கேட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பில் நலத்துறையின் போன் எண் இருந்தது. அங்கேயே நின்று சுண்டுவிரல் முட்டியால் தட்டினாள். முதியோர் என்றால் ஒன்று, விதவையர் என்றால் இரண்டு, இல்லங்கள் என்றால் மூன்று, புகார் என்றால் ஐந்து என்று ஒரு பெண் குரல், தேன் தடவிய மாதிரி சொல்லிக்கொண்டே போனது. இவள் மூன்றைத் தட்டுவதற்குள் திரை இருண்டுவிடும். திரையை எழுப்புவதற்குள் அந்தக் குரல், நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, நன்றி என்று விடைபெற்றுவிடும். கடைசியில் வாட்ச்மேன்தான் தன் விரலால் மூன்றை அழுத்திக்கொடுத்தார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

சரி, போனில் ஆகாதது நேரில் ஆகும் என்று மதியமே அந்த அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான், தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்டார். ஆனால் கண்ணாடியில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார். அதே எண்.

"நேர்ல எதுவும் சொல்றதில்லைம்மா. இல்லம் சம்பந்தமா எல்லாமே போன்லதான்."

"நான்தான் நேர்லயே வந்துட்டேனே!"

"கொஞ்சம் மெதுவா. வந்துட்டீங்க, சரி. கம்ப்யூட்டர் என்கிட்ட இல்லையே."

அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்து அந்த எண்ணைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை திரை இருள்வதற்குள் முட்டியால் மூன்றைத் தட்டிவிட்டாள். முதல் மணி காதில் அடித்தபோதே, பக்கத்து மூடிய கதவுக்குப் பின்னாலும் ஒரு மணி அடித்தது. அவள் துண்டித்தாள்; உள்ளேயும் நின்றது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி அடித்தது. கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்து எதையோ தேடத் தொடங்கினார்.

"கதவைத் தட்டட்டுமா?"

"உள்ள யாரும் இல்லம்மா. அந்த சீட்டுக்கு இன்னும் ஆள் போடலை. விடாம அடிங்க, எடுக்கலைன்னா அதுவாவே தலைமை ஆபீசுக்குப் போகும். அங்க ஆள் உண்டு."

காலி நாற்காலிக்கு முன்னால் தன்னுடைய மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பஸ் ஏறினாள்.

அடுத்த நாளிலிருந்து முதலாளியிடம் கேட்டு, போனைத் தேய்க்கிற மேஜையிலேயே, கஞ்சி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டாள். மணி அடித்து ஓய்ந்து, தலைமை அலுவலகத்துக்குத் தாவி, அங்கே ஒரு பாட்டு ஓடும். பாட்டுக்கு நடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல். நீராவி பிரஸ்காரர்கூட அந்த மெட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். ஒரு நாள் பாட்டு சட்டென்று நின்று, நிஜமான மனுஷக் குரல் வந்தது. அவள் போனை எடுத்து வாயருகே கொண்டுபோகிற அதே நேரத்தில் பிரஸ் ஒரு பெருமூச்சு விட்டது. "ஹலோ… யாரு… ஒரே இரைச்சலா இருக்கு…" அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து, முதியோர் என்றால் ஒன்று.

இரைச்சல்தானே பிரச்சினை என்று, லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னலையும் மூடினாள். வெளிச்சம் சாய்கிற நேரத்தில் ஆள் கிடைத்தது.

"நலத்துறை, சொல்லுங்க."

"மேடம்! எங்க அண்ணன் இல்லத்துல இருந்தாரு! இப்ப எங்க வெச்சிருக்கீங்கன்னு தெரியலை! அவரு சாப்பிட மாட்டாரு!"

"எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க?"

"கத்தலை மேடம்! சொல்றேன்!"

"சாப்பாடு பத்தின புகார்னா அஞ்சை அழுத்துங்க."

"புகாரில்லை! அவருகிட்ட ஒருத்தர் சொன்னாத்தான் சாப்பிடுவாரு!"

"இங்க பாருங்க, நாங்களும் மனுஷங்கதான். மரியாதையாப் பேசுறதா இருந்தா கூப்பிடுங்க."

துண்டிப்பு. சுவரில் இரண்டு தட்டு.

மேடம் மேடம் என்றுதானே பேசினோம், எங்கே மரியாதை குறைந்தது என்று அவளுக்குப் புரியவே இல்லை. மறுநாள் கூடத்தில், துணி மடிக்கிற மேஜைக்காரியிடம் சொன்னாள். அவளை எல்லோரும் மடிப்பு என்று கூப்பிடுவார்கள். வாயில் மடிப்பு ஒன்றும் கிடையாது, நேராகத்தான் வரும்.

"நீ பேசினா வெளியாளுக்கு அடிக்க வர்ற மாதிரி இருக்கும்க்கா. நானும் அப்படித்தான். என் மாமியா வீட்டுல என்னைப் பஜாரின்னுதான் சொல்றாங்க."

"எனக்கு இதான் குரல். வேற குரலுக்கு எங்க போறது?"

"வா, பழகலாம்."

கூடத்துக்குப் பின்னால் கோட்டு சூட்டெல்லாம் கவர் போட்டுத் தொங்குகிற அறை ஒன்று உண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் இயந்திரச் சத்தமெல்லாம் துணிக்குள் அமுங்கிவிடும். ஊர்க்காரர்களின் கோட்டுகளுக்கு நடுவே இருவரும் நின்றார்கள். மடிப்பு ஹேங்கர் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் ஆபீசர். சொல்லுங்க."

"மேடம்!"

"லைன் கட்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேடி."

"அந்த மேடமே போதும். பச்சைக் குழந்தை தூங்குதுன்னு நினைச்சுக்கிட்டுப் பேசு."

"எங்க வீட்டுல எந்தக் குழந்தைடி தூங்குச்சு, எனக்குத் தெரிய?"

மடிப்பு ஹேங்கரைக் கீழே இறக்கினாள்.  பிறகு பக்கத்தில் தொங்கிய ஒரு பட்டுச் சட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இது மேல எப்படிப் பெட்டி வைப்ப?"

"வெச்சும் வைக்காம."

"அப்படிப் பேசு."

அது புரிந்தது. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போதும், கூந்தல் பின்னும்போதும், எதிர்ச்சுவரைப் பார்த்துப் பட்டுக்குரலில் பேசிப் பழகினாள். "வணக்கம் மேடம். ஒரு விஷயம் கேக்கணும் மேடம்." தன் வீட்டுக்குள் யாரோ அறியாத பெண் வந்து உட்கார்ந்து அடக்கமாகப் பேசுவது போலிருந்தது. ஞாயிறுகள் வந்தன, போயின. பக்கத்து அறை டிரைவர் குழாயடியில் கேட்டார்.

"என்னக்கா, சத்தமே காணோம்? ஊர்ல இல்லையா?"

"இங்கதான் இருக்கேன்."

"அப்படியா" என்றார் அவர். "நல்லாத் தூங்குறேன் போங்க." சொல்லிவிட்டு, அது சரியில்லை என்று தோன்றியதுபோல் அவள் குடத்தையும் நிரப்பித் தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

தட்டை வைக்கும்போதெல்லாம் அவளுக்கு எதிரில் ஒரு தட்டும், அதன்மேல் ஈ விரட்டி வீசிக்கொண்டிருக்கிற ஒரு கையும்தான் தெரிந்தது. பாதியில் எழுந்துவிடுவாள். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. "காலர் அக்காவுக்கே காலர் நிக்கலை" என்று பிரஸ்காரர் கேலி செய்தார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

அந்தக் கோட்டு அறையில் நின்றபடியேதான் ஒரு நாள் மறுபடி ஆள் கிடைத்தது. அதே குரலா வேறு குரலா என்று தெரியவில்லை. கதவுக்கு வெளியே மடிப்பு யாரையும் விடாமல் காவல் நின்றாள்.

"வணக்கம் மேடம். எங்க அண்ணன் உங்க இல்லத்துல இருந்தாருங்க."

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா, கேக்கலை."

 இதுவும் ஒரு சோதனையோ என்று நினைத்தாள். "இதுக்கு மேல வராதுங்க" என்றாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள் போலிருந்தது. அண்ணன் பெயரைக் கேட்டாள், பழைய இல்லத்தைக் கேட்டாள். விசைகள் தட்டுப்படுகிற சத்தம். பிறகு ஒரு தூரத்து ஊர், ஓர் எண். காலருக்குள் வைக்கிற அட்டை ஒன்றில், துணிக்கு அடையாளம் போடுகிற பேனாவால் காலர் அக்கா அதை எழுதிக்கொண்டாள்.

"வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?"

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. "இல்லைங்க மேடம்" என்றாள்.

சாயங்காலம் சாப்பாட்டு நேரம் பார்த்து வீட்டிலிருந்து கூப்பிட்டாள். எடுத்தவன் இளைஞன், குரலில் களைப்பு. அவள் பட்டுக்குரலை விடவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஒரு சத்தத்தில் மறுபடி லைன் போய்விட்டால் என்ன செய்வது?

"தம்பி, அவருகிட்ட தட்டை வைக்கும்போது, பாப்பா சாப்பிட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லணும்ப்பா. அப்பத்தான் சாப்பிடுவாரு."

"ஓ, அதுதானா?" என்றான் அவன். "வந்ததுலேர்ந்து யாரைப் பார்த்தாலும் சாப்டியா சாப்டியான்னு கேக்குறாரு. நாங்க சாப்ட்டோம், நீங்க சாப்பிடுங்கன்னு சொல்லுவோம். முகத்தைத் திருப்பிக்குவாரு. பால் மட்டும் எப்படியோ ஊத்திடுறோம். டாக்டர் பார்த்துட்டுப் போயிருக்காரும்மா. இருங்க, கூட்டிட்டு வரேன்."

செருப்பு தேய்கிற சத்தம் வந்தது. எப்போதும் வலது காலை இழுத்துத்தான் நடப்பான். அப்புறம் மூச்சு.

"அண்ணே" என்றாள் மெல்ல. "நான்தான், பாப்பா."

அவன் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"நான் சாப்ட்டேன் அண்ணே."

"யாரு இது?" என்று அவன் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டது காதில் விழுந்தது. "பாப்பா இல்லை. வேற யாரோ." போன் மேஜையில் வைக்கப்பட்டது. செருப்புச் சத்தம் திரும்பிப் போகத் தொடங்கியது.

காலர் அக்கா எழுந்து நின்றாள். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். நீராவி பிரஸ், பிழிகிற இயந்திரம் எல்லாவற்றுக்கும் மேலே ஏறுகிற அந்தக் கூடத்துக் குரலில் அவனைக் கூப்பிட்டுக் கத்தினாள். "அண்ணே! இங்க வா! நான்தான்!"

செருப்பு நின்றது. பிறகு வேகமாகத் திரும்பி வந்தது. அங்கே எதுவோ உருண்டு விழுந்தது.

"பாப்பா?" என்றான். மூச்சு வாங்கியது. "பாப்பா, சாப்டியா?"

"சாப்ட்டேன்!"

வைத்துவிட்டான்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சுவரில் செருப்புத் தட்டு ஒன்று விழுந்தது. அடுத்த தட்டுக்காக அவள் காத்திருந்தாள், அது வரவில்லை. அந்தப் பக்கம் கட்டில் மட்டும் ஒரு முறை கிரீச்சிட்டது.

அடுக்களையில் காலையில் வைத்த சாப்பாடு ஆறிப்போய், மூடியபடியே இருந்தது. சாப்பிட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. அவள் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவர் ஓரமாக உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.